இரண்டாம் மாடியில் உட்கார இடமில்லை

அந்த வகுப்பை நான் எடுத்ததற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. மூன்றாம் வருடத்தில் சொந்தத் துறைக்கு வெளியே ஒரு பாடம் எடுத்தே ஆக வேண்டும் என்பது கல்லூரி விதி. சார்ஜா ரோலாவில் காலை பஸ் பிடித்து துபாய்க்குப் போய், மாலை நெரிசலுக்கு முன்னால் வீடு திரும்ப வசதியான நேரத்தில் இருந்தது அது ஒன்றுதான். 'சிக்கானோ பண்பாடும் சமூக நீதியும்' என்று போட்டிருந்தது. நான் அதை அவசரத்தில் சிகாகோ என்று வாசித்துவிட்டுப் பெயர் கொடுத்தேன்.

அப்பாவிடம் "அமெரிக்கன் ஹிஸ்டரிப்பா" என்று மட்டும் சொன்னேன். சமூக நீதி என்ற சொல்லை அவர் காதில் போட வேண்டாம் என்று தோன்றியது. அப்பா திருச்சியிலிருந்து வந்து, ஆட்களை வேலைக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக அட்மின் வேலை பார்ப்பவர். நான் பிறந்ததே சார்ஜாவில்தான். எனக்கும் அம்மாவுக்கும் விசா அவர் பெயரில். அவருக்கு விசா கம்பெனி பெயரில். அரசாங்கம், மதம், கம்பெனி இந்த மூன்றையும் பற்றி வெளியே பேசக் கூடாது என்பது எனக்கு அவர் சின்ன வயதிலேயே சொல்லி வைத்த பாடம். லிஃப்டில்கூடப் பேசக் கூடாது. வாட்ஸப்பில் யாராவது எதையாவது அனுப்பினால் படித்துவிட்டு அழித்துவிட வேண்டும். விசா புதுப்பிக்கும் வருடம் வந்தால் அம்மா ஜன்னலுக்குத் திரைச்சீலைகூட மாற்ற மாட்டார். "முதல்ல ஸ்டாம்ப் அடிக்கட்டும்" என்பார். அதைப் பயம் என்று நாங்கள் யாரும் சொன்னதில்லை. அதுதான் இருக்கும் முறை என்று நினைத்திருந்தேன்.

வகுப்பில் நாங்கள் பதினோரு பேர். பேராசிரியர் கலிபோர்னியாவில் பிறந்த ஒரு பெண்மணி. மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பம். அப்பா அம்மா இரண்டு பேரும் கீரை வயல்களில் கூலி வேலை செய்தவர்கள். முதல் நாள் அவர் சிக்கானோ என்ற சொல்லைப் பற்றித்தான் பேசினார். அமெரிக்காவில் வாழும் மெக்சிக வம்சாவளிக்காரர்களில் சிலருடைய முன்னோர் எல்லைக்கோடு நகர்ந்ததால் இருந்த இடத்திலேயே வேறு நாட்டுக்காரர்கள் ஆனவர்கள். பலர் வேலை தேடிக் கோட்டைத் தாண்டி வந்தவர்கள். 'சிக்கானோ' முதலில் அவர்களை மட்டமாகச் சொல்லப் பயன்பட்ட சொல். அறுபதுகளில் இளைஞர்கள் அதையே எடுத்துத் தங்களுக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள். பள்ளியில் ஸ்பானிஷ் பேசினால் அடி விழுமாம். ஒருநாள் பிள்ளைகள் எல்லோரும் எழுந்து வகுப்பை விட்டு வெளியே நடந்தார்களாம்.

நான் சார்ஜாவில் படித்ததும் அப்படி ஒரு பள்ளிதான். எங்கள் பள்ளியில் தமிழோ மலையாளமோ பேசி மாட்டிக்கொண்டால் ஒரு அட்டையைக் கழுத்தில் தொங்கவிடுவார்கள். நாங்கள் யாரும் எழுந்து நடந்ததில்லை. அட்டையை இன்னொருத்தர் கழுத்துக்கு மாற்ற, யாராவது வாய் தவறித் தமிழில் பேசுகிறார்களா என்று காது கொடுத்துக்கொண்டிருப்போம்.

இரண்டாவது வாரம் பேராசிரியர் எங்களை எழுந்து நிற்கச் சொன்னார். இடுப்பை வளைத்துக் கை கணுக்காலைத் தொடும்படி குனியச் சொன்னார். அப்படியே இருங்கள் என்று சொல்லிவிட்டு வருகைப் பதிவை எடுக்க ஆரம்பித்தார். மிக மெதுவாக. முதலில் எல்லோரும் சிரித்தோம். ஐந்தாவது பெயர் வரும்போது சிரிப்பு நின்றுவிட்டது. எனக்குத் தொடை நடுங்கியது. முடித்துவிட்டு அவர் சொன்னார்: அவருடைய அப்பா வேலை செய்த வயல்களில் களை எடுக்கக் கொடுத்த கொத்து ஒரு முழ நீளம்கூட இருக்காது. நாள் முழுக்கக் குனிந்தேதான் வேலை. நீளக் கைப்பிடி கொடுத்தால் பயிர் கெடும் என்று முதலாளிகள் சொன்னார்கள். உண்மையில் கங்காணிக்கு அது வசதி. தூரத்திலிருந்து பார்த்தாலே போதும், யார் நிமிர்ந்து நிற்கிறார்களோ அவர்கள் வேலை செய்யவில்லை. முதுகு போனவர்கள் பேசப் பேச, பிறகு கோர்ட் அந்தக் கொத்தைத் தடை செய்தது.

வகுப்பு முடிந்து நான் இரண்டாம் மாடிக் கழிவறைக்குப் போனேன். கடைசி அறையின் கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து தமிழ்க் குரல் கேட்டது.

"ஓம் மகள், அம்மா டூட்டியிலதான் நிக்கிறன். சாப்பிட்டியா? படிச்சியா?"

அது நாங்கள் வீட்டில் பேசும் தமிழ் இல்லை. இலங்கைத் தமிழ். கதவு திறந்தது. கல்லூரியில் சுத்தம் செய்யும் அக்கா. இரண்டு வருடமாக நான் தினமும் பார்த்த முகம், ஒருநாள்கூடப் பேசியதில்லை. நீலச் சட்டை, கையில் போன். என்னைப் பார்த்ததும் போனை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"சொறி மேடம், சொறி. டூ மினிட்ஸ் ஒன்லி."

"பரவால்லக்கா," என்றேன். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

தமிழைக் கேட்டதும் அவர் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "தமிழா நீங்க? என்ட ஆண்டவனே. நான் பயந்து போனன் தங்கச்சி."

அப்படித்தான் ஆரம்பித்தது. அவருக்கு மட்டக்களப்புப் பக்கம். முதலில் குவைத்தில், ஃபர்வானியாவில் ஒரு வீட்டில் வேலை செய்தவர். பிறகு ஒரு க்ளீனிங் கம்பெனி மூலம் இங்கே வந்தார். ஊரில் ஒரே மகள், பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். டூட்டி நேரத்தில் போன் கூடாது. அதைவிட முக்கியமாக, உட்காரக் கூடாது. டீ போடும் பான்ட்ரியில் ஒரு நாற்காலி, அவர் சொல்லில் கதிரை, இருந்ததாம், சூப்பர்வைசர் அதை எடுத்துப் போய்விட்டார். நடைபாதையில் கேமரா. ஆகவே பத்து மணி நேரத்தில் அவர் உட்காரக்கூடிய ஒரே இடம் அந்தக் கடைசிக் கழிவறையின் மூடி.

"கால் வீங்கினா மட்டும் வந்து இருப்பன். மறுகா எழும்பிப் போயிருவன்," என்றார், ஏதோ அவர்தான் தப்புச் செய்கிறவர் போல.

அங்கே வயலில் நிமிர்ந்து நின்றால் குற்றம், இங்கே உட்கார்ந்தால் குற்றம் என்று எனக்குத் தோன்றியது. பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

செமஸ்டரின் முக்கியமான வேலை, ஒருவருடைய வாழ்க்கையை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதித் தருவது. லத்தீன் அமெரிக்காவில் அதற்கு ஒரு பெரிய மரபே இருக்கிறது; சொல்கிறவர் தனக்காக மட்டும் இல்லாமல் தன்னைப் போன்றவர்களுக்காகவும் சாட்சி சொல்கிறார் என்று பேராசிரியர் விளக்கினார். கூடவே எச்சரித்தார். சம்மதம் கேளுங்கள். பெயரையும் இடத்தையும் மாற்றுங்கள். அவருக்கு ஆபத்து வரும் என்று சந்தேகம் இருந்தால் விட்டுவிடுங்கள், உங்களைப் பற்றி எழுதுங்கள். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் அன்றைக்கு நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை.

அக்காவிடம் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். இரண்டு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டு, "இதை ஆர் வாசிப்பாங்க?" என்று கேட்டார்.

"எங்க டீச்சர்க்கா."

"அவ எந்த ஊரு?"

"அமெரிக்கா. ஆனா அவங்க அப்பா அம்மா வயல்ல கூலி வேலை செஞ்சவங்க."

கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். "அப்ப அவக்கு விளங்கும். சரி, கதைப்பம்."

அவருடைய சாப்பாட்டு நேரத்தில், பான்ட்ரிக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகள் அடுக்கி வைத்திருக்கும் இடத்தில், ஐந்து நாள் என் போனில் பதிவு செய்தேன். குவைத் வீட்டில் தனக்குப் படுக்கக் கொடுத்த இடம், கடல் பொங்கி வந்தபோது போன அண்ணன், மகளுடைய முதல் பல் விழுந்ததை வீடியோவில் பார்த்தது, கால்கள், கழிவறை மூடி, எல்லாம் சொன்னார். யாராவது நடக்கும் சத்தம் கேட்டால் நிறுத்திவிடுவார். நானும் போனைக் கைப்பைக்குள் போட்டுவிடுவேன். சத்தம் கடந்து போன பிறகு விட்ட இடத்திலிருந்தே தொடருவார், ஒரு சொல்கூடத் தவறாமல்.

ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். பேராசிரியர் படித்துவிட்டு, செமஸ்டர் முடிவில் நூலக வாசலில் ஒருநாள் வைக்கும் கண்காட்சியில் இதையும் வைக்கலாமா என்று கேட்டார். அவரோடும் அக்காவோடும் ஒருமுறை உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். எனக்கு அப்போது பெருமைதான் இருந்தது. பெயரை மாற்றிவிட்டோமே என்று சொல்லிக்கொண்டேன். அக்காவிடம் போய், "லைப்ரரியிலயும் வைக்கலாமாக்கா?" என்று நடந்துகொண்டே கேட்டேன். மாப் தள்ளிக்கொண்டிருந்தவர் தலையசைத்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

கண்காட்சி ஒரு புதன்கிழமை. பெரிய அட்டைகளில் எங்கள் எழுத்துகள், நடுவில் நாங்களே தீட்டிய ஒரு சுவரோவியம். என்னுடன் படித்த ஒருத்தி, குவைத்தில் வளர்ந்த காயல்பட்டினத்துப் பெண், என் அட்டை முன்னால் நின்று கண் கலங்கினாள். "ஏ புள்ள, என்னமா எழுதியிருக்கே" என்று என்னைக் கட்டிப்பிடித்தாள். போனில் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தடுக்கவில்லை.

மதியம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது என் அட்டை முன்னால் ஒரே ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். அக்காவின் சூப்பர்வைசர், மாடிகளில் நான் அடிக்கடி பார்த்த ஆள். விரலை வரிக்கு அடியில் வைத்து மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தார். அவருடைய உதடு அசைவது தெரிந்தது. அப்போதுதான் என் எழுத்தை அவர் கண்ணால் நானும் வாசித்தேன். பெயரைத்தான் மாற்றியிருந்தேன். இரண்டாம் மாடி என்று இருந்தது. கடைசி அறை என்று இருந்தது. குவைத்தில் வேலை செய்தவர், ஒரே மகள் என்று இருந்தது. எடுத்துப் போன நாற்காலி இருந்தது. இதற்குப் பிறகு பெயர் எதற்கு?

அவர் போனை எடுத்து அட்டையைப் படம் பிடித்தார். திரும்பியவர் என்னைப் பார்த்தார்.

"மேடம், யே கிஸ்னே லிக்கா?"

இதை யார் எழுதியது என்று கேட்கிறார். குரலில் கோபம் இல்லை. அவருக்கும் பயமாகத்தான் இருந்திருக்கும் என்று இன்றைக்கு நினைக்கிறேன். அவருக்கு மேலே யாரோ ஒருவர் இருந்திருப்பார். அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை.

"முஜே நஹி மாலும்," என்றேன். எனக்குத் தெரியாது.

அவர் போனதும் அட்டையைப் பிய்த்து மடக்கிப் பைக்குள் திணித்தேன். தோழியைத் தேடி ஓடினேன்.

"அந்த போட்டோவ எடுத்துடு. இப்பவே எடு."

"ஏன்? நல்லதுதானே போட்டேன்?"

"சூப்பர்வைசர் பாத்துட்டாரு. அக்கா யாருன்னு தெரிஞ்சுபோச்சு."

அவள் முகம் மாறியது. அங்கேயே நின்று அழித்தாள். "நிறைய பேரு ஷேர் பண்ணிட்டாங்க புள்ள," என்றாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "கேஸு கீஸு ஆயிடுமா? வாப்பாவுக்குத் தெரிஞ்சா குவைத்துல கடையப் போட்டுட்டு ஓடி வந்துருவாங்க. என்னய இங்க படிக்கவே விட மாட்டாங்க."

வியாழக்கிழமை இரண்டாம் மாடியில் வேறு ஒரு பெண் மாப் தள்ளிக்கொண்டிருந்தார். நேபாளத்துப் பெண். அக்கா எங்கே என்று ஹிந்தியில் கேட்டேன். தோளைக் குலுக்கினார். "மாலும் நஹி மேடம். சேஞ்ச்." அக்காவுக்கு வாட்ஸப் அனுப்பினேன். ஒற்றை டிக். போன் செய்தால் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வெள்ளிக்கிழமை காலை கல்லூரியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. திங்கட்கிழமை பதினொரு மணிக்கு மாணவர் அலுவலகத்துக்கு வரவும். காரணம் எதுவும் எழுதவில்லை.

அந்த மூன்று நாள் நான் எப்படி இருந்தேன் என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. எங்கள் கட்டடத்தின் லிஃப்ட் எங்கள் மாடியில் நிற்கும்போது ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். யார் வருவார்கள் என்று கேட்டால் தெரியாது. அக்கா விமானத்தில் உட்கார்ந்திருப்பது கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது. அம்மா பெட்டிகளில் சாமான் கட்டுவதும் வந்தது. எது எனக்கு அதிகப் பயமாக இருந்தது என்று அப்போது கேட்டிருந்தால், அக்கா என்று சொல்லியிருப்பேன். அது உண்மை இல்லை.

சனிக்கிழமை மதியச் சாப்பாட்டில் அடக்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அப்பா சோற்றைப் பிசைந்த கையை அப்படியே வைத்திருந்தார். அம்மா ரசக் கரண்டியோடு நின்றுவிட்டார். நான் முடித்ததும் அப்பா எழுந்து போய்க் கை கழுவினார். தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து, "எந்தக் கம்பெனி ஆளு அந்தம்மா?" என்று கேட்டார்.

சொன்னேன். அவருடைய கம்பெனி இல்லை. அவர் மூச்சு விட்டதைக் கேட்டேன்.

"என்ன பண்ணுவாங்கப்பா?"

"விசாவ கான்சல் பண்ணுவாங்க. இல்ல வேற சைட்டுக்கு மாத்துவாங்க."

"அவங்க ஒரு தப்பும் பண்ணலையே."

"தப்புன்னு யாரும் எழுத மாட்டாங்கம்மா. சர்வீஸ் தேவையில்லைன்னு ஒரு வரி. அவ்வளவுதான்." மேசையில் சிந்தியிருந்த பருக்கையை எடுத்து ஓரமாக வைத்தார். "எனக்குத் தெரியும். எங்க கம்பெனியில அந்த லெட்டர நான்தானே டைப் பண்றேன்."

இருபத்திரண்டு வருடமாக அப்பா ஆபீஸில் என்ன செய்கிறார் என்று நான் கேட்டதே இல்லை. அன்றைக்கும் மேலே கேட்க முடியவில்லை.

"அந்த ரெக்கார்டிங் எல்லாம் எங்க இருக்கு?"

"போன்ல."

"வேற எங்கயாவது?"

"இல்ல."

"அழிச்சிடு. என் முன்னாடி அழி."

"அப்பா, அது அவங்க குரல்..."

"எனக்கு அடுத்த மாசம் ரினியூவல். உனக்கு இன்னும் ஒரு வருஷம் படிப்பு பாக்கி இருக்கு. நாளைக்கு யாராவது அந்த போன வாங்கிப் பாத்தா, அந்தம்மாவுக்கும் சேத்துத்தான் ஆபத்து. அழிச்சிடும்மா." அவர் கத்தவில்லை. கெஞ்சினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஐந்து பதிவுகள். ஒவ்வொன்றாக அழித்தேன். பிறகு போனின் குப்பைத் தொட்டியிலிருந்தும் அழித்தேன். அப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி ஒன்றை அழிக்கும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

திங்கட்கிழமை மாணவர் அலுவலகத்தில் ஒரு அம்மையார் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் என் பேராசிரியர். அவருக்கு அன்றைக்கு வயது கூடியது போல் இருந்தது. நான் உட்கார்வதற்குள் அவரே பேசினார். கண்காட்சிக்கு எழுத்தில் அனுமதி வாங்காதது தன் தவறு, மாணவியின் தவறு இல்லை என்றார். அவரும் விசாவில் வந்தவர்தான், அவருக்கும் ஒப்பந்தம் உண்டு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அம்மையார் என்னிடம் ஒரு கேள்விதான் கேட்டார். இதில் எழுதியிருப்பவர் உண்மையான ஆளா, கற்பனையா?

கற்பனை என்று சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். எனக்கும் நல்லது, பேராசிரியருக்கும் நல்லது. அக்காவுக்கு? அவர் பொய் சொன்னார் என்று ஆகுமா, அவர் சொல்லவே இல்லை என்று ஆகுமா? எனக்குத் தெரியவில்லை. நூலக வாசலில் சொன்ன 'தெரியாது' நினைவுக்கு வந்தது. இன்னொரு முறை அதைச் சொன்னால் அந்த வகுப்பில் உட்கார்ந்ததற்கே அர்த்தம் இல்லை.

"பெயரைச் சொல்ல மாட்டேன்," என்றேன். "ஆனால் எழுதியது எல்லாம் உண்மை. பான்ட்ரியில் நாற்காலி இல்லை. நீங்களே போய்ப் பார்க்கலாம்." சொல்லிவிட்டு அழுதுவிட்டேன். அம்மையார் டிஷ்யூ பெட்டியை என் பக்கம் தள்ளினார். ஏதோ குறித்துக்கொண்டார்.

அடுத்த நாள் மின்னஞ்சல் வந்தது. இனிமேல் கண்காட்சிகளுக்கு முன் அனுமதி பெற வேண்டும் என்று இரண்டு வரி. எனக்கு நடந்தது அவ்வளவுதான். யாரும் வீட்டுக்கு வரவில்லை, அப்பாவின் விசாவும் அடுத்த மாதம் புதுப்பிக்கப்பட்டது. அம்மா புதுத் திரைச்சீலை வாங்கினார். ஒரு வாரம் கழித்து இரண்டாம் மாடிப் பான்ட்ரியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. யார் வைத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. நேபாளத்துப் பெண் அதில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அக்காவின் வாட்ஸப்பில் மட்டும் ஒற்றை டிக் மாறவே இல்லை.

மூன்று வாரம் கழித்துப் புது எண்ணிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. "தங்கச்சி, நான்தான். சார்ஜாவிலதான் நிக்கிறன். ஒரு கிளினிக்கில போட்டிருக்காங்க. வெள்ளிக்கிழமை எனக்கு லீவு."

ரோலா பூங்காவில் சந்திப்பதாகச் சொன்னேன். அப்பா தானும் வருவதாகச் சொன்னார். நான் தனியாகப் போய் இன்னும் ஏதாவது செய்துவைப்பேன் என்று பயந்தார் என்று நினைத்தேன். அவர் வந்தது அதற்காக இல்லை.

அக்கா சல்வாரில் வந்திருந்தார். நீலச் சட்டை இல்லாமல் பார்த்தபோது இளமையாகத் தெரிந்தார். அப்பா முதல் கேள்வியே இப்படித்தான் கேட்டார்: "உங்ககிட்ட எதுலயாவது சைன் வாங்கினாங்களாம்மா?"

"கேட்டவங்க ஐயா. நான் அப்பிடி ஒண்டும் சொல்லல்ல எண்டு ஒரு பேப்பர். இங்கிலீசில இருந்திச்சு."

"போட்டீங்களா?"

"இல்ல. எனக்கு வாசிக்க ஏலாது, ஏலாததுக்குச் சைன் வைக்க மாட்டன் எண்டன். சரியான பயம் ஐயா, கை எல்லாம் குளிர்ந்து போச்சு. ஆனா சொன்னத எப்பிடிச் சொல்லல்ல எண்டு சொல்றது? மறுகா அவங்களும் விட்டுட்டாங்க. வேற இடத்துக்கு மாத்தினாங்க. என்ட பழைய சிம் கம்பெனி தந்தது, அதை வாங்கிட்டாங்க."

"நல்ல வேலை பண்ணீங்க," என்றார் அப்பா. ஒரு காகிதத்தில் தொழிலாளர்கள் புகார் சொல்லும் இடத்தின் எண்ணை எழுதி வைத்திருந்தார், அதை நீட்டினார். இரண்டு கையாலும் கொடுத்தார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். சூப்பர்வைசரிடம், எழுதியது யார் என்று எனக்குத் தெரியாது எனச் சொன்னதையும் சொன்னேன். அக்கா என்னை வினோதமாகப் பார்த்தார்.

"நீங்க ஏன் எனக்காக எல்லாத்தையும் யோசிக்கிறீங்க தங்கச்சி? நான் ரெண்டு நாள் யோசிச்சுத்தானே ஓம் எண்டனான். லைப்ரரியில வைக்கிறதெண்டாலும் எனக்கு விளங்கித்தான் தலையாட்டினன். நான் என்ன சின்னப் பிள்ளையா?" பிறகு, "அது கிடக்கட்டும். அந்த ரெக்கோடிங்க எனக்கு அனுப்புங்க. மகளுக்குக் குடுக்க வேணும். அவ நான் ஏசியில கதிரையில இருந்து வேலை செய்யிறன் எண்டு நினைச்சிட்டிருக்கா. என்னால நேர சொல்ல ஏலாது. அதில சொல்லியிருக்கிறன்தானே."

அப்பாதான் பேசினார்.

"நான்தாம்மா அழிக்கச் சொன்னேன். பயந்துட்டேன்."

அக்கா துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டார். எதிரே பஸ்ஸுக்கு நின்ற கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஓம்," என்றார் கடைசியில். "பயப்பிடத்தான் செய்வீங்க." குரலில் குத்தல் இல்லை. அதனாலேயே எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

திரும்பவும் சொல்லுங்கள், பதிவு செய்துகொள்கிறேன் என்றேன். தலையை ஆட்டி மறுத்தார். "ஒருக்காச் சொன்னது அவ்வளவுதான் தங்கச்சி. ரெண்டாந்தரம் அப்பிடி வராது."

அதற்குப் பிறகும் அப்பா அதே ஆபீஸுக்குத்தான் போனார். ஒருநாள் அம்மாவிடம், இனிமேல் அந்த மாதிரி லெட்டர் டைப் பண்ணினால் சம்பந்தப்பட்ட ஆளைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. மேலதிகாரிக்கு அது தெரியுமா என்று அம்மா கேட்டார். அப்பா பேப்பரை விரித்துக்கொண்டார்.

அடுத்த வருடம் ஒப்பந்தம் முடிந்து அக்கா ஊருக்குப் போய்விட்டார். என்னிடம் மீதி இருந்தது நான் எழுதிய ஆங்கிலம் மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு, நினைவில் இருந்த அவருடைய சொற்களைத் தேடித் தேடித் தமிழில் எழுதினேன். எழுதும்போதும் ஒவ்வொரு வரியிலும் யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று கை நின்று நின்றுதான் போனது. அவர் ஊரிலிருக்கிறார், இனி அவரை யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. முடித்து வாட்ஸப்பில் அனுப்பினேன்.

நான்கு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள் குரல் செய்தி வந்தது. பின்னால் கோழி சத்தம். மகள் வாசித்துக் காட்டினாளாம்.

"எல்லாம் சரி தங்கச்சி. ரெண்டு இடத்தில மட்டும் பிழை. அண்ணன் போனது காலையில, நீங்க பின்னேரம் எண்டு போட்டிருக்கிறீங்க. மற்றது, அதச் சொல்லக்குள்ள நான் அழுதன் எண்டு எழுதியிருக்கிறீங்க. நான் அழல்ல. நீங்கதான் அழுதீங்க. அத மாத்திப் போடுங்க."

இரண்டையும் அன்றைக்கே திருத்தி, திரும்ப அனுப்பினேன்.